அஸ்திக் கலயமும் ஆட்சேபணையின்மைக் கடிதமும்

கடலூரிலிருந்து நாற்பத்து நான்கு வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தந்தை கடலூர் முதுநகரில் பிறந்தவர். புதுச்சேரி அரசுத் துறை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவியும் இரண்டு மகள்களும் கடலூரில், அவர் தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் இருக்கிறார்கள். பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு அவர் ஒரு கோயிலில் இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டி, புதுச்சேரியில் வாடகை வீட்டில் குடித்தனம் வைத்தார். முதல் மனைவியிடமிருந்து விவாகரத்து வாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் பதினாறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். சென்ற மாதம், எழுபத்து நான்காவது வயதில், புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவர் காலமானார். சேர்க்கைப் படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் 'மனைவி' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தவரிடம் மருத்துவமனை உடலை ஒப்படைத்துவிட்டது. கடலூருக்குத் தகவல் வந்து, தாயும் மகள்களும் கார் பிடித்துக் கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பையன் கொள்ளி வைத்தாகிவிட்டது. 'அம்மா வாசலிலேயே நின்றார்கள். உள்ளே போகக் கால் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தவர்களைத் தூக்கத்தான் எங்களால் முடிந்தது' என்று எழுதியிருக்கிறார்.

அஸ்தி இப்போது அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. பையனின் தேர்வு முடிந்ததும் இராமேசுவரம் கொண்டுபோய்க் கரைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். தந்தையோ, கடலூர் வீட்டில் விட்டுப்போன பழைய கணக்கு நோட்டில், 'என் சாம்பல் தேவனாம்பட்டினம் கடலுக்கே போகட்டும்' என்று, கடலூர்க் கடற்கரையின் பெயரைச் சொல்லித் தம் கைப்பட எழுதியிருக்கிறார். அஸ்தியைக் கேட்டபோது அந்தப் பெண்ணின் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: வங்கி வைப்புநிதியையும் ஓய்வூதியப் பலன்களையும் தம் தங்கை பெற்றுக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை என்று மூவரும் கையெழுத்துப் போட்டால், கலயத்தைத் தருவார்களாம். இதற்கிடையில் வாசகியின் சித்தப்பா, 'உடலைத் திருடிவிட்டார்கள் என்று போலீசில் புகார் கொடு. கொள்ளி வைத்தவனுக்குத்தான் வீடு என்று நாளைக்கு வந்து நிற்பார்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். புகார் கொடுக்கலாமா, மருத்துவமனை மீது வழக்குப் போடலாமா, அஸ்தியைச் சட்டப்படி வாங்க முடியுமா, வீடு போய்விடுமா, நாளை தம் தாய்க்கும் இப்படி ஒரு நிலை வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் இரண்டு துயரங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது ஒன்று. அந்தச் சடங்கை வேறொருவர் செய்ததால் உங்கள் தாய் மனைவி என்ற இடத்தையும், நீங்கள் வாரிசு என்ற இடத்தையும் இழந்துவிட்டீர்களோ என்ற பயம் இன்னொன்று. முதலாவதற்குச் சட்டத்தில் அதிகம் மருந்தில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பயத்துக்கு அடிப்படையே இல்லை.

உடல் யாருக்கும் சொத்தல்ல

இறந்தவரின் உடலைச் சட்டம் ஒரு பொருளாகக் கருதுவதில்லை. அதற்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை. அதைக் கண்ணியமாக அடக்கம் செய்யும் பொறுப்பும், அதற்காக உடலைப் பெற்றுக்கொள்ளும் உரிமையும் மட்டுமே நெருங்கிய உறவினருக்கு உண்டு. ஆகவே பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டைப் பற்றிய 303-ஆம் பிரிவு இங்கே பொருந்தாது. இறந்த உடலை அவமதிப்பதையும் ஈமச் சடங்குக்குக் கூடியவர்களுக்கு இடையூறு செய்வதையும் தண்டிக்கும் 301-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கமோ, புண்படும் என்ற அறிவோ வேண்டும். முறைப்படி சடங்கு செய்து எரியூட்டியவர்களை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவருவது நடக்காத காரியம். தவறான தகவலைத் தெரிந்தே காவல் துறைக்குக் கொடுப்பது தனிக் குற்றம் என்பதால், 'திருட்டு' என்ற சொல்லைச் சித்தப்பா சொல்கிறார் என்பதற்காக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அப்பா அணிந்திருந்த மோதிரமும் கைக்கடிகாரமும் காணவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். அது வேறு விஷயம். அவை பொருள்கள், அவற்றுக்கு வாரிசுகள் உண்டு, இறந்தவரிடமிருந்த பொருளை நேர்மையின்றி எடுத்துக்கொள்வது 315-ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் இந்த நேரத்தில் மோதிரத்துக்காகக் காவல் நிலையப் படியேறினால் அஸ்திக்கான கதவு அன்றே சாத்தப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மருத்துவமனையைப் பொறுத்தவரை, இயற்கையான மரணத்தில் உடலை முதலில் யாரிடம் தர வேண்டும் என்று மனைவி, மகன், மகள் என வரிசை போட்டுக் கொடுத்த பொதுவான சட்டப் பிரிவு எதுவும் நம்மிடம் இல்லை. உறுப்புதானம் தொடர்பான 1994-ஆம் ஆண்டுச் சட்டம்கூட 'உடலைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருப்பவர்' என்று பேசுகிறதே தவிர, போட்டி வந்தால் யார் பெரியவர் என்று சொல்வதில்லை. சேர்த்தவர், கூட இருந்து பார்த்துக்கொண்டவர், கட்டணம் கட்டியவர் யாரோ அவரிடம் கொடுப்பதே நடைமுறை. உங்கள் தாய் தம் ஆட்சேபத்தை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்திருந்து, அதையும் மீறி உடலைக் கொடுத்திருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஒன்றும் தெரியாத மருத்துவமனையின் மீது வழக்குப் போட்டால் உங்கள் பணமும் சில ஆண்டுகளும் செலவாகும், அவ்வளவுதான்.

'புதைத்திருந்தாலாவது தோண்டி எடுத்து வந்திருப்போம்' என்று ஓர் இடத்தில் ஆற்றாமையோடு எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நீங்கள் நினைப்பதுபோல் எளிதல்ல. 2021-இல் ஸ்ரீநகர் ஹைதர்போராவில் கொல்லப்பட்ட இளைஞர் ஒருவரின் தந்தை, மகனின் உடலைத் தோண்டியெடுத்துத் தம்மிடம் தரக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றார். கண்ணியமான அடக்கம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், முறைப்படி புதைக்கப்பட்ட உடல் சட்டத்தின் காவலில் இருக்கிறது, அதைத் தோண்டுவது எவருக்கும் தானாகக் கிடைக்கும் உரிமையல்ல என்று கூறி, 2022 செப்டம்பரில் மறுத்துவிட்டது. பெற்ற தந்தைக்கே அந்த நிலை.

தகவல் முன்பே கிடைத்திருந்தால் வழி இருந்தது. இதே கவலையில் இருக்கும் மற்ற வாசகர்களுக்காக அதையும் சொல்கிறேன். மருத்துவமனை நிர்வாகத்துக்கும், சுடுகாட்டுப் பொறுப்பாளருக்கும், அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ஒரே வாசகத்தில் ஆட்சேபக் கடிதம் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்க வேண்டும். உடலைக் குளிர்பதனத்தில் வைக்கக் கேட்க வேண்டும். அதற்குள் ஒரு வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் அவசர வழக்காக முறையிடலாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் ஒன்றுதான். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்களும் காலத்தின் அருமையை அறிந்தே நடக்கின்றன. 2025 ஜனவரியில், சத்தீஸ்கரில் ஒரு கிறிஸ்தவப் போதகரை எங்கே அடக்கம் செய்வது என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறுபட்ட கருத்துச் சொன்னார்கள். வழக்கமாக இது மூன்று நீதிபதிகளிடம் போக வேண்டியது. ஆனால் உடல் ஜனவரி 7 முதல் பிணவறையில் கிடந்ததால், மேலும் காலம் கடத்தாமல், கிறிஸ்தவர்களுக்கான வேறோர் இடுகாட்டில் அடக்கம் செய்யும்படி இருவரும் சேர்ந்தே உத்தரவிட்டு 27-ஆம் தேதி முடித்துவைத்தார்கள்.

நோட்டில் எழுதிய அந்த ஒரு வரி

அப்பா எழுதிவைத்ததுதான் உங்கள் கையில் இருக்கும் முக்கியமான ஆதாரம். ஆனால் அது உயில்போல எவரையும் கட்டுப்படுத்தும் என்று எண்ண வேண்டாம். 1882-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒருவர் தம்மைப் புதைக்கக் கூடாது, எரிக்க வேண்டும் என்று ஒரு தோழியிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தார். குடும்பத்தார் புதைத்துவிட்டார்கள். அந்த அம்மையார் வேறோர் இடத்தில் புதைப்பதாகச் சொல்லி அனுமதி வாங்கி, உடலைத் தோண்டியெடுத்து, இத்தாலியின் மிலான் நகருக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டுச் செலவுத் தொகையைக் கேட்டு வழக்குப் போட்டார். உடல் எவருக்கும் சொத்தல்ல, ஆகவே அதை இன்னது செய்யுங்கள் என்று எழுதிவைத்ததும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. நம் நாட்டிலேயே ஜவாஹர்லால் நேரு 1954-இல் எழுதிய உயிலில் தமக்கு மதச் சடங்கு எதுவும் கூடாது என்று குறித்திருந்தார். 1964-இல் அவருக்குச் சடங்குகளோடுதான் தகனம் நடந்தது. ஒரு பிடிச் சாம்பலை அலகாபாத்தில் கங்கையிலும், பெரும்பகுதியை விமானத்திலிருந்து நாட்டின் வயல்களிலும் தூவச் சொல்லியிருந்ததை மட்டும் நிறைவேற்றினார்கள்.

அதற்காக அந்த வரிக்கு மதிப்பில்லை என்றும் ஆகிவிடாது. அண்மைக் காலத்தில் இந்திய நீதிமன்றங்கள் இறந்தவரின் விருப்பத்துக்குக் கூடுதல் எடை தருகின்றன. கேரளத்தின் மூத்த கம்யூனிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் மறைந்தபோது, உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம் என்றார் மகன். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றார் மகள். கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும், பிறகு இரு நீதிபதிகள் அமர்வும் மகன் தரப்பையே ஏற்றன; 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அங்கே, உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வழிசெய்யும் உடற்கூறியல் சட்டம் ஒன்று துணைக்கு இருந்தது. அஸ்திக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்தாலும், தந்தையின் கையெழுத்தில் ஊர்ப் பெயரோடு இருக்கும் ஒரு வாக்கியத்தை எந்த நீதிபதியும் எளிதில் ஒதுக்கிவிட மாட்டார். அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள், மேலே கோடு போடாதீர்கள், லேமினேஷனும் செய்யாதீர்கள். நோட்டோடு அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

கலயத்தைக் கேட்கும் முறை

அஸ்தி யாரிடம் இருக்க வேண்டும் என்று உரிமையியல் வழக்குத் தொடரலாம். கரைத்துவிடாமல் இருக்க இடைக்காலத் தடை கேட்கலாம். சட்டப்படி மணந்த மனைவி, மகள்கள், கைப்பட எழுதிய விருப்பம் ஆகியவை உங்கள் பக்கத்துக்கு வலு. பதினேழு ஆண்டுகள் உடன் வாழ்ந்தது, நோயில் பார்த்துக்கொண்டது, கொள்ளி வைத்தவன் பெற்ற மகன் என்பது அவர்கள் பக்கத்துக்கு வலு. எதிர்த்தரப்பு புதுச்சேரியில் வசிப்பதால் வழக்கும் புதுச்சேரி நீதிமன்றத்தில்தான் போட வேண்டியிருக்கும். கடலூர் நீதிமன்றம் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது போதாது. தடையுத்தரவு கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வழக்கு முடியும்வரை அந்தக் கலயம் நீதிமன்றப் பொறுப்பிலோ அவர்கள் வீட்டு மரக்கிளையிலோ தொங்கிக்கொண்டிருக்கும். முதல் திவசம் வந்துவிடும், தீர்ப்பு வந்திருக்காது.

பல ஆண்டுகளுக்கு முன் இரண்டு சகோதரர்கள் என் அலுவலகத்துக்கு ஓர் அஸ்திக் கலயத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார்கள். ஒருவரை நம்பி ஒருவர் வீட்டில் விட்டுவர மனமில்லை. அதை மேசை மேல் வைக்கவும் ஒப்பவில்லை, தரையில் வைக்கவும் ஒப்பவில்லை. கடைசியில் என் குமாஸ்தாதான் வாங்கிப்போய் வாசல் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். சட்டம் பேசி முடித்த ஒரு மணி நேரமும் இருவரின் கண்ணும் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. மழைத் தூறல் விழுந்ததும் தம்பி எழுந்தோடிப் போய்த் தன் துண்டை அதன்மேல் போர்த்தினார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, 'சரி, பாதிப் பாதி கரைச்சிக்கலாம் சார்' என்றார். நான் அதுவரை புரட்டிய தீர்ப்புத் தொகுப்புகளுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

பாதிப் பாதி என்பது நம் வழக்கத்துக்குப் புறம்பானதும் அல்ல. காடாற்றின்போது எல்லாவற்றையும் எவரும் அள்ளுவதில்லை. கால் முதல் தலை வரை சில எலும்புகளைப் பொறுக்கிப் பால் தெளித்துக் கலயத்தில் இடுகிறோம், மற்றது அங்கேயே நீரில் போகிறது. காந்தியின் அஸ்தி 1948-இல் பல கலசங்களாகப் பிரிந்து நாட்டின் பல நீர்நிலைகளுக்குப் போயிற்று. அதில் ஒன்று ஒடிசாவின் கட்டாக்கில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் தங்கிப்போக, அவருடைய கொள்ளுப்பேரன் உச்ச நீதிமன்றம் வரை போய் வாங்கி, 1997 ஜனவரி 30 அன்று அலகாபாத் சங்கமத்தில் கரைத்தார். ஒரு பகுதி இராமேசுவரத்துக்கும் ஒரு பகுதி தேவனாம்பட்டினத்துக்கும் போவதில் எந்தச் சாத்திரக் குறையும் சட்டக் குறையும் இல்லை. இரு வீட்டாரும் ஒரே இடத்தில்தான் கரைக்க வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால், நடுவில் சங்கராபரணிக் கரையில் திருக்காஞ்சி இருக்கிறது. காசிக்கு எடுத்துச் சென்ற அஸ்தி அங்கே பூவாக மாறியிருந்ததாகத் தலபுராணம் சொல்வதை உங்கள் தாய் அறிந்திருப்பார். ஆனாலும் அப்பாவே கடலின் பெயரை எழுதியிருக்கும்போது, ஒரு கைப்பிடியாவது அங்கே போக வேண்டும் என்பதே என் எண்ணம்.

வழக்குக்கு முன் இதைப் பேசி முடிக்க ஓர் இடம் உண்டு. புதுச்சேரியில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனுக் கொடுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. மனுவில் சொத்து, திருமணம், மோதிரம் எதையும் எழுதாதீர்கள். அஸ்தியில் ஒரு பகுதி, அப்பாவின் கைப்பட எழுதிய விருப்பம் என்ற இரண்டை மட்டும் எழுதி, நோட்டுப் பக்கத்தின் நகலை இணையுங்கள். தேர்வு முடியும் தேதிக்கு முன்பே அவர்களுக்கு அழைப்புப் போய்ச் சேர வேண்டும். பேச்சு முறிந்து, அவசரமாகக் கரைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் தடை கேட்டு வழக்கு. அந்த வழக்கையும் முன்கூட்டியே தயாரித்துக் கையில் வைத்திருங்கள்.

கொள்ளியும் பங்கும்

கொள்ளி வைத்தவருக்கே சொத்து என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரோடியிருக்கிறது. ஆண்பிள்ளை இல்லாத வீடுகளில் பங்காளிகள் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு முந்துவதற்கு அதுவே காரணம். பிண்டம் இடும் உரிமையைக் கொண்டு வாரிசைக் கணித்த மரபு ஒன்று வங்காளத்தில் இருந்தது உண்மை. தாயபாகம் என்று அதற்குப் பெயர். தமிழகத்தில் நடைமுறையில் இருந்த மிதாட்சரம் என்ற மரபோ இரத்த நெருக்கத்தையே பார்த்தது. 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு அந்த விவாதமும் தேவையற்றுப் போயிற்று. உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால், அவருடைய தன் சம்பாத்தியச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடு இருந்தால் தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். யார் கொள்ளி வைத்தார், யார் மொட்டை போட்டார் என்று அந்தச் சட்டம் எங்கும் கேட்பதில்லை. மகள் கொள்ளி வைக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்வதில்லை.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 'அவளுக்கும் அந்தப் பையனுக்கும் சல்லிக்காசு கிடையாது' என்று சித்தப்பா சொன்னதில் பாதிதான் சரி. முதல் மனைவி உயிரோடும் விவாகரத்தின்றியும் இருக்கையில் நடந்த திருமணம் செல்லாது. ஆகவே அந்தப் பெண் வாரிசு அல்லர். ஆனால் செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தை, இந்துத் திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி முறையான குழந்தையே. தந்தையின் சொத்தில் அவனுக்குப் பங்குண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வில் உறுதிசெய்திருக்கிறது. உயில் இல்லை என்றால், உங்கள் தாய், நீங்கள், உங்கள் தங்கை, அந்தப் பையன் என நால்வருக்கும் கால் பங்கு. அவன் கொள்ளி வைக்காமல் இருந்திருந்தாலும் அதே கால் பங்குதான். நீங்கள் வைத்திருந்தாலும் அதேதான். தந்தை தம் சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதியிருக்கலாம் என்பதால், சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவான உயில் ஏதும் உண்டா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

(உங்கள் தந்தை கடலூரில் பிறந்தவர் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் புதுச்சேரிப் பூர்வீகக் குடும்பங்களில், 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்தவர்களின் வழிவந்தோருக்கு இன்றும் பிரெஞ்சு உரிமையியல் சட்டமே பேசும். அவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

அந்த அண்ணன் நீட்டும் ஆட்சேபணையின்மைக் கடிதத்தில் மூவருமே கையெழுத்துப் போடாதீர்கள். குடும்ப ஓய்வூதியத்தில் மனைவிக்கு உரியது, சட்டப்படி மணந்தவர் என்ற நிலையில் உங்கள் தாய்க்கு வர வேண்டியது. மாதந்தோறும் அவர் ஆயுள் வரை வரும் தொகையை ஒரு கலயத்துக்காக எழுதிக் கொடுப்பது எத்தகைய இழப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வங்கி வைப்புநிதியில் அந்தப் பெண் நியமனதாரராக (நாமினியாக) இருந்தால் வங்கி பணத்தை அவரிடமே கொடுக்கும். ஆனால் நியமனதாரர் வாரிசுகளுக்காக வாங்கிவைக்கும் கையே தவிர உரிமையாளர் அல்லர், பங்கை நீங்கள் பிறகு கேட்கலாம். இறந்தவரின் சாம்பலைப் பிணையாக வைத்து வாங்கிய கையெழுத்து நீதிமன்றத்தில் நிற்காது என்பது என் கருத்து. ஆனால் நிற்காது என்று நிரூபிக்க நீங்கள்தான் வழக்கு நடத்த வேண்டியிருக்கும். இதே காரணத்தால், 'அஸ்தியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பையன் வீட்டில் பங்கு கேட்கக் கூடாது' என்று நீங்கள் பேரம் பேசவும் வேண்டாம். அவன் மைனர். அவனுடைய பங்கை விட்டுக்கொடுக்க, நீதிமன்ற அனுமதியின்றி, அவன் தாய்க்கும் அதிகாரமில்லை.

இறப்புச் சான்றிதழில் மனைவி பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று உடனே பாருங்கள். மரணம் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு நடக்கும். மருத்துவமனை இருக்கும் பகுதியைப் பொறுத்து அது புதுச்சேரி நகராட்சியாகவோ உழவர்கரை நகராட்சியாகவோ ஒரு கொம்யூன் பஞ்சாயத்தாகவோ இருக்கும். தவறாக இருந்தால், 1969-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் திருத்தம் கேட்கலாம். திருமணப் பத்திரிகை, பழைய குடும்ப அட்டை, பணிப்பதிவேட்டில் குடும்ப விவரம் உள்ள பக்கம், உங்கள் பள்ளிச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். பணிப்பதிவேடுதான் இதில் கனமான ஆவணம்; துறை அலுவலகத்தில் தாயின் பெயரில் மனுக் கொடுத்துச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். சான்றிதழில் வேறு பெயர் இருப்பதாலேயே உங்கள் தாயின் திருமணம் இல்லாமல் போய்விடாது. வாரிசுச் சான்றிதழுக்கான மனுவில் பையனின் பெயரை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். மறைத்து வாங்கிய சான்றிதழ் பின்னாளில் ரத்தானால், உங்கள் தாயின் ஓய்வூதியக் கோப்பும் சேர்ந்தே நிற்கும்.

அம்மாவுக்காக

உங்கள் தாய் தம் விருப்பத்தை இப்போதே எழுதிவைக்கலாம். உயிலில் எழுதுவதைவிடத் தனிக் கடிதமாக எழுதுவது நல்லது. உயிலைப் பெரும்பாலும் கருமாதி முடிந்த பிறகுதான் எடுத்துப் பிரிக்கிறார்கள். எரிப்பதா புதைப்பதா, எந்த ஊரில், யார் கொள்ளி வைக்க வேண்டும், எங்கே கரைக்க வேண்டும், கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல் முடிவு என்பதைத் தமிழில், தம் கைப்பட, தேதியிட்டு எழுதி, குடும்பத்துக்கு வெளியே இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். ஒரு நகல் உங்களிடம், ஒன்று தங்கையிடம், ஒன்று அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் கோப்பில் இருக்கட்டும். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், உறவுமுறை என்ற கட்டத்தில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதை நீங்களே நின்று பாருங்கள். உங்கள் தந்தையின் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த ஒரு கட்டம்தான்.

கடைசியாக, அந்தப் பையனோடு நேரில் பேசலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தில் தடை எதுவும் இல்லை. அவனுக்கும் இறந்தது அப்பாதான். பேரம் வைத்தது அவன் மாமா, அவன் அல்லன். அவன் தாய் உடன் இருக்கும்போது, சொத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், நோட்டில் அப்பா எழுதிய பக்கத்தை அவனுக்குக் காட்டுங்கள். நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். சித்தப்பாவை அழைத்துச் செல்ல வேண்டாம்.